கேபிள் இணைப்பை விடுவதற்கு முன்: ஆன்டெனா, டிஷ், இணையம் ஆகியவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் முறை

கேபிள் கட்டணத்தைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஓர் ஆன்டெனாவை வாங்கி வந்து, அதில் பாதி அலைவரிசைகள் வரவில்லை என்று கண்டு, அதற்குச் சிக்னலைப் பெரிதாக்கும் ஒரு பூஸ்டரை வாங்கி, அதுவும் பயன்படாமல் போகவே பழைய கேபிளுக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். தொடங்க வேண்டிய இடம் ஒரு தாளும் பேனாவும்தான். இரண்டு வாரங்களுக்கு, வீட்டில் யார் எந்த நிகழ்ச்சியை எந்த அலைவரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று அன்றன்று குறித்து வையுங்கள். கைபேசியில் கண்ணை வைத்துக்கொண்டு சத்தத்திற்காக ஓடவிட்டதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நூற்றுக்கணக்கான அலைவரிசைகளுக்குப் பணம் கட்டும் வீடுகளில்கூட, உண்மையில் பார்க்கப்படுபவை பத்துக்குள் அடங்கிவிடுவதே வழக்கம்.

அந்தப் பத்தையும் மூன்றாகப் பிரிக்கலாம். செய்திகள், பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் அலைவரிசைகள், பெரிய பொழுதுபோக்கு அலைவரிசைகள் போன்றவை பல நாடுகளில் வான்வழியாகவே இலவசமாகக் கிடைப்பவை. இவற்றுக்கு ஆன்டெனாவோ இலவசச் செயற்கைக்கோள் டிஷ்ஷோ போதும். தொடர்களும் திரைப்படங்களும் எந்நேரமும் இணையத்தில் பார்க்கக்கூடியவை. மூன்றாவதான நேரடி விளையாட்டு ஒளிபரப்புதான் திட்டத்தைக் குலைப்பது. ஒரு போட்டித் தொடரின் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்தால், அந்த நிறுவனம் கேட்கும் விலையைக் கொடுப்பதைத் தவிர நேர்மையான வழி வேறு கிடையாது. ஆகவே வீட்டில் விளையாட்டுப் பிரியர் இருந்தால், அவர் பார்க்கும் போட்டிகளின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்த்துவிடுங்கள். பின்னால் வரும் மனத்தாங்கலை அது தவிர்க்கும்.

ஆன்டெனாவுக்கு வாய்ப்பு இருக்கிறதா?

ஆன்டெனாவுக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஒருமுறை செலவோடு முடிந்துவிடும். ஆனால் நீங்கள் வசிக்கும் நாட்டில் தரைவழி ஒளிபரப்பு நடந்தால்தான் அதனால் பயன். உலகின் பல பகுதிகளில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று டிஜிட்டல் ஒளிபரப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12ஆம் தேதியும், பிரிட்டனில் கடைசிப் பகுதி 2012 அக்டோபரிலும் மாறின. அந்த நாடுகளில் இன்று ஆன்டெனாவில் வரும் படம் பல வேளைகளில் கேபிளில் வருவதைவிடத் தெளிவாக இருக்கும். காரணம், கேபிள் நிறுவனங்கள் பல அலைவரிசைகளை ஒரே கம்பியில் நெருக்கி அனுப்புவதற்காகப் படத்தை மேலும் சுருக்குவதுண்டு. மறுபுறம், சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2019 ஜூனில் தரைவழி ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. இந்தியாவில் தூர்தர்ஷன் தன் அனலாக் அலைபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டதால், அங்கே ஆன்டெனாவைவிடக் கட்டணமில்லாத டிஷ்ஷே பொருத்தமானது. இப்படி நாட்டுக்கு நாடு நிலைமை மாறுவதால், உங்கள் நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்டுள்ள அலைபரப்புப் பகுதிகளின் வரைபடத்தை முதலில் பாருங்கள்.

அடுத்து, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்து அலையை வாங்கிப் படிக்கும் டியூனர் உங்கள் நாட்டின் முறைக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். வட அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் ஏடிஎஸ்சி முறை, ஐரோப்பாவின் பெரும்பகுதி, சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களில் டிவிபி-டி அல்லது அதன் பின்வந்த டிவிபி-டி2, ஜப்பானிலும் பிரேசிலிலும் ஐஎஸ்டிபி-டி, சீனாவில் டிடிஎம்பி. ஒன்றுக்கு உரிய டியூனர் மற்றொன்றைப் படிக்காது. வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த விலை உயர்ந்த பெட்டி இங்கே ஒன்றையும் பிடிக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம். ஒரே முறைக்குள்ளும் தலைமுறை வேறுபாடு உண்டு. ஜெர்மனியில் 2017இல் டிவிபி-டி2 வந்தபோது படத்தைச் சுருக்கும் முறையும் எச்இவிசிக்கு மாறியது. அதைப் படிக்கத் தெரியாத பழைய பெட்டிகளுக்குத் தனி செட்டாப் பாக்ஸ் தேவைப்பட்டது. பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டில் டியூனர் என்ற வரியைத் தேடுங்கள். பொருத்தமான டியூனர் இல்லை என்றால் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ வழியாக இணைக்கும் சிறிய செட்டாப் பாக்ஸ் ஒன்று போதும்.

கோபுரமும் தொலைவும்

தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. எனவே ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரமும் உங்கள் ஆன்டெனாவின் உயரமும் சேர்ந்துதான் எட்டும் தொலைவை முடிவு செய்கின்றன. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு உயரங்களையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். கோபுரம் 100 மீட்டர், உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் என்றால், 10ஐயும் 3ஐயும் கூட்டி 4.12ஆல் பெருக்க, 53 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆன்டெனாவை 16 மீட்டருக்கு உயர்த்தினால் 57 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏழு மீட்டர் கம்பம் நட்டுக் கிடைத்தது நான்கு கிலோமீட்டர் மட்டுமே. ஆனால் அந்த ஏழு மீட்டரில் பக்கத்துக் கட்டடத்தின் தலைக்கு மேலாகவோ மரக்கிளைகளுக்கு மேலாகவோ ஆன்டெனா எழுந்துவிடுகிறது என்றால், அதன் பலன் பெரியது. உயரம் வேண்டியிருப்பது பெரும்பாலும் அடிவானத்தைத் தாண்ட அல்ல, எதிரே நிற்கும் தடையைத் தாண்டத்தான்.

பெட்டியின் மேல் "300 கிலோமீட்டர் வரை எட்டும்" என்று அச்சிட்டு விற்கும் கையளவு ஆன்டெனாக்களை இந்தக் கணக்கின் துணையோடு கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். "4கே ஆன்டெனா", "எச்டி ஆன்டெனா" என்பவையும் அப்படித்தான். ஆன்டெனாவுக்கு அதிர்வெண் மட்டுமே தெரியும். அந்த அலையில் ஏறி வருவது என்ன தரத்துப் படம் என்பது அதற்குத் தெரியாது. யுஎச்எஃப் என்னும் அதிர்வெண் பட்டைக்காகச் செய்த அனலாக் காலத்து ஆன்டெனா துருப்பிடிக்காமல் இருந்தால், அதே பட்டையில் நடக்கும் டிஜிட்டல் ஒளிபரப்பையும் நன்றாகவே வாங்கும்.

வரைபடத்தில் உங்கள் இருப்பிடத்தைத் தந்ததும், ஒவ்வொரு கோபுரத்துக்கும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது திசை. இது பாகையில் தரப்பட்டிருக்கும். கைபேசியின் திசைகாட்டியை வைத்துப் பார்க்கலாம். இரும்புக் கைப்பிடிச் சுவரின் அருகில் நின்று பார்த்தால் அந்தத் திசைகாட்டி தவறாகக் காட்டும் என்பதால், நான்கடி தள்ளி நின்று இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது அதிர்வெண். உலகில் பெரும்பாலான தொலைக்காட்சி ஒளிபரப்பு 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் யுஎச்எஃப் பட்டையில் நடக்கிறது. சில இடங்களில் 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள விஎச்எஃப் பட்டையும் பயன்படுகிறது. திரையில் தெரியும் அலைவரிசை எண்ணை நம்பி இதை முடிவு செய்யக் கூடாது. 5 என்று தோன்றும் அலைவரிசை உண்மையில் வேறொரு அதிர்வெண்ணில் வந்துகொண்டிருக்கலாம். அந்த எண் பார்வையாளரின் வசதிக்காக ஒட்டப்பட்ட பெயர்ப்பலகை போன்றது. மூன்றாவது, அலை கிடைமட்டமாக அனுப்பப்படுகிறதா செங்குத்தாகவா என்பது. கிடைமட்டமே பரவலானது, சில சிறிய துணைக் கோபுரங்கள் செங்குத்தாக அனுப்பும். அங்கே ஆன்டெனாவின் கம்பிகளும் செங்குத்தாக நிற்க வேண்டும்.

பக்கத்து வீடுகளின் கூரைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா ஆன்டெனாக்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால், கோபுரத்தின் திசை பெரும்பாலும் அதுவே.

எந்த ஆன்டெனா?

கோபுரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்து, நடுவில் குன்றோ பெரிய கட்டடமோ இல்லை என்றால், ஜன்னல் ஓரத்தில் வைக்கும் தட்டை ஆன்டெனா போதுமானது. அதைவிடத் தொலைவு என்றால் கூரையில் வைக்கும் திசை ஆன்டெனா வேண்டும். நம் மனத்தில் ஆன்டெனா என்றதும் தோன்றும் மீன்முள் வடிவம் யாகி-உதா என்பது. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உதாவும் ஹிதெட்சுகு யாகியும் 1926 அளவில் உருவாக்கியது. அதன் பின்முனையில் உள்ள நீளமான கம்பியோ வலையோ அலையைத் திருப்பி அனுப்புகிறது. முன்னால் அடுக்கடுக்காக உள்ள குட்டைக் கம்பிகள் அலையை வழிநடத்துகின்றன. குட்டைக் கம்பிகள் உள்ள முனைதான் கோபுரத்தை நோக்க வேண்டும். அகன்ற பக்கம் வலை வீசுவதுபோல் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று எண்ணித் தலைகீழாக மாட்டிவிடுபவர்கள் குறைவில்லை.

கோபுரங்கள் இரண்டு மூன்று திசைகளில் பரவியிருந்தால் யாகி சரிப்படாது. அது ஒரு திசையைக் கூர்ந்து பார்ப்பது. அங்கே வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் வளைந்த கம்பிகளைச் சட்டத்தில் அடுக்கிய பலகை ஆன்டெனா மேலானது, ஏனெனில் அதன் பார்வை அகலமானது.

செலவே செய்யாமல் சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். உங்கள் கோபுரம் 550 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது என்றால் அலைநீளம் சுமார் 54 சென்டிமீட்டர். அதில் பாதி 27. கம்பியில் அலை சற்று மெதுவாக நடந்துகொள்வதால் ஒரு சென்டிமீட்டரைக் கழித்து 26 என்று வைத்துக்கொள்ளலாம். தடித்த செம்புக் கம்பியில் 13 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டுகளை வெட்டி, ஒரு மரச்சட்டத்தின் மேல் ஒரே கோட்டில், நடுவே ஒரு விரல்கடை இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டோடும், அதைச் சுற்றியுள்ள வலையைத் திரித்து மற்றத் துண்டோடும் பற்றவையுங்கள். இந்த அமைப்பின் மின்தடுப்பு ஏறத்தாழ 73 ஓம் என்பதும், தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம் என்பதும் நல்வாய்ப்பான பொருத்தம். இது அழகாக இராது. ஆனால் இதை ஜன்னலில் வைத்து நான்கு அலைவரிசைகள் வந்தால், கூரையில் நல்ல ஆன்டெனா வைத்தால் இன்னும் பல வரும் என்று ஓரளவு துணிந்து முடிவு செய்யலாம்.

வைக்கும் இடம்

ஆன்டெனாவின் விலையைவிட அது இருக்கும் இடமே முக்கியம் என்பதை நான் சிறிது பணம் விட்ட பிறகே கற்றுக்கொண்டேன். வீட்டுக்குள் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பி வரும் அலைகளும் அதோடு கலந்து, ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 550 மெகாஹெர்ட்ஸில் இந்த மேடும் பள்ளமும் அரை அலைநீளம், அதாவது ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் மாறி மாறி வரக்கூடும். அதனால்தான் ஜன்னலின் இடது மூலையில் ஒன்றுமே வராத அலைவரிசை, ஆன்டெனாவை அரைச் சாண் நகர்த்தியதும் கண்ணாடிபோல் வந்து நிற்கிறது.

தேடுவதற்கு முறை உண்டு. தொலைக்காட்சியின் பட்டியலில் சிக்னல் அளவைக் காட்டும் திரையைத் திறந்துவைத்து, எப்போதும் தொல்லை தரும் ஓர் அலைவரிசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நன்றாக வருவதை வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. ஆன்டெனாவை நகர்த்தியதும் கையை எடுத்துவிட்டு, பின்னால் இரண்டடி விலகி, ஐந்து விநாடி பொறுத்துப் பாருங்கள். கையில் பிடித்திருக்கும்போது நம் உடலும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடுவதால், பிடித்தால் படம் வந்து, விட்டால் போகும் வேடிக்கை எல்லோருக்கும் நேர்வது. திரையில் வலிமை, தரம் என்று இரண்டு கோடுகள் இருந்தால் தரத்தையே நம்புங்கள். வலிமை நிறைந்திருந்து தரம் தாழ்ந்திருந்தால், வந்து சேர்வது வேண்டாத மின் இரைச்சல் மிகுந்த அலை என்று பொருள்.

டிஜிட்டலில் இன்னொன்றும் உண்டு. அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படம் புள்ளி புள்ளியாக மங்கும். டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாக இருந்து, ஓர் எல்லைக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். எனவே "இப்போது வருகிறது" என்பது போதாது. இன்று வெயிலில் எல்லையை ஒட்டி நின்று வரும் அலைவரிசை, நாளை மழையில் நனைந்த மரம் குறுக்கே நின்றால் வராது. தரக்கோட்டில் கொஞ்சம் கையிருப்பு இருக்கும்படியான இடத்தையே இறுதியாகத் தேர்ந்தெடுங்கள்.

உலோகத் தகட்டுக் கூரை, கம்பி பின்னிய கான்கிரீட் சுவர், வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி ஆகிய மூன்றும் அலைக்கு எதிரிகள். அத்தகைய கண்ணாடிக்கு உட்புறம் ஆன்டெனாவை ஒட்டிவிட்டுக் குறைசொல்வதில் பயனில்லை. அதை வெளியே கொண்டுபோக வேண்டும். மலிவான எல்இடி விளக்குகளும், ஆன்டெனாக் கேபிளை உரசிச் செல்லும் தரமற்ற எச்டிஎம்ஐ கம்பிகளும் இரைச்சலை உமிழ்கின்றன. விளக்கைப் போட்டதும் ஓர் அலைவரிசை மட்டும் அறுபடுகிறது என்றால் குற்றவாளி விளக்குதான்.

பூஸ்டர் பற்றி ஒரு வார்த்தை

பூஸ்டர் இல்லாத சிக்னலை உண்டாக்காது. வந்ததைப் பெரிதாக்கும், அதோடு வந்த இரைச்சலையும் பெரிதாக்கி, தன் சொந்த இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். நான் கோபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு வீட்டில் இருந்தபோது, இரண்டு அலைவரிசைகள் விட்டுவிட்டு வருகின்றன என்று பூஸ்டர் ஒன்றை மாட்டினேன். வந்துகொண்டிருந்த மற்றவையும் போயின. அருகிலிருந்த கோபுரத்தின் வலிய அலை பூஸ்டரைத் திணறடித்து, மெலிந்த அலைகளை மூழ்கடித்துவிட்டது. கழற்றி வைத்துவிட்டு ஆன்டெனாவை ஜன்னலின் மறுபக்கத்துக்கு மாற்றியதும் இரண்டும் சேர்ந்து வந்தன.

பூஸ்டர் தேவைப்படும் இடம் வேறு. கூரையில் நல்ல சிக்னல் வந்து, நீண்ட கேபிளிலும் பல அறைகளுக்குப் பிரிப்பதிலும் அது கரைந்துபோகும்போதுதான் அது உதவும். அப்போதும் அதைத் தொலைக்காட்சியின் பின்னால் மாட்டக் கூடாது. கம்பத்தின் மேலே, ஆன்டெனாவை ஒட்டி மாட்ட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும்போதே பெரிதாக்கினால்தான் வழியில் ஏற்படும் இழப்பைத் தாங்கும். அதற்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிள் வழியாக மேலே ஏறும். அலைபேசிக் கோபுரம் அருகில் இருந்தால், 700, 800 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் வரும் அதன் அலைகளைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைப் பூஸ்டருக்கு முன்னால் வைப்பது நல்லது. முன்பு தொலைக்காட்சிக்கு இருந்த அந்தப் பட்டைகள் பல நாடுகளில் அலைபேசிக்குத் தரப்பட்டுவிட்டதால், பழைய ஆன்டெனாக்களும் பூஸ்டர்களும் அவற்றையும் ஆவலோடு வாங்கிக்கொள்கின்றன.

கேபிளும் முனையும்

ஆர்ஜி-6 என்ற வகைக் கோஆக்சியல் கேபிளையே பயன்படுத்துங்கள். மெலிந்த ஆர்ஜி-59 இழப்பு அதிகமானது. ஆர்ஜி-6இலும் 30 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபெல் இழப்பு உண்டு. 3 டெசிபெல் என்றால் பாதி சக்தி போய்விட்டது என்று பொருள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல்லையும், நான்காகப் பிரிப்பது 7 டெசிபெல்லையும் எடுத்துக்கொள்ளும். ஒரே பெட்டி உள்ள வீட்டில் முன்பு யாரோ மாட்டிய நான்குவழி ஸ்பிளிட்டர் சுவருக்குள் மறைந்திருந்து சிக்னலில் பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன். அதை எடுத்துவிட்டுக் கேபிளை நேராக இணைப்பதற்குச் செலவே இல்லை.

முனையில் எஃப்-கனெக்டர் மாட்டும்போது நேரும் சிறுபிழை ஒன்று பல மணி நேரத்தை வீணாக்கும். கேபிளின் வெளித்தோலை உரித்ததும் மெல்லிய வலை தெரியும். அதைப் பின்பக்கமாகத் தோலின் மேல் முழுதும் மடித்துவிட்டு, உள்ளிருக்கும் வெள்ளைக் காப்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். அந்த வலையின் ஒரே ஓர் இழை மயிரிழைபோல் முன்னால் நீட்டிக்கொண்டு நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், மொத்தச் சிக்னலும் அங்கேயே குறுக்குவழியில் போய்விடும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளடங்கிப் போனால் தொடர்பே ஏற்படாது. அழுத்திப் பொருத்தும் வகைக் கனெக்டர், திருகி மாட்டுவதைவிட நெடுநாள் உழைக்கும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

கூரையில் ஏறுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத அளவு தள்ளியே அதை நட வேண்டும். கம்பத்தையும் கேபிளின் வெளிவலையையும் வீட்டின் மின் நிலத்தொடர்போடு (எர்த்) இணைக்க வேண்டும். தனியே ஒரு கம்பியை மண்ணில் செருகி விட்டுவிடுவது போதாது. நேரடியாக விழும் இடியை இது தடுக்காது, ஆனால் காற்றாலும் மேகத்தாலும் கம்பத்தில் சேரும் மின்னேற்றத்தை வடித்துவிடும். தனியாக ஏறாதீர்கள், மின்வேலை தெரியாவிட்டால் நிலத்தொடர்பை மட்டுமாவது தெரிந்தவரிடம் விடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் தொலைக்காட்சியில் 'ஆன்டெனா' அல்லது 'வான்வழி' என்பதைத் தேர்ந்து தானியங்கித் தேடலை ஓடவிடுங்கள். அங்கே 'கேபிள்' என்பதே முன்பிருந்தபடி தேர்வாகி இருந்தால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் தேடச் செய்வது நல்லது, ஏனெனில் நிலையங்கள் அதிர்வெண்ணை மாற்றுவதுண்டு. பல பெட்டிகளில் யுஎஸ்பி வட்டு ஒன்றைச் செருகி நிகழ்ச்சிகளைப் பதிவும் செய்துகொள்ளலாம்.

கட்டணமில்லாத டிஷ்

குன்றுகளுக்கு நடுவிலோ கோபுரங்களே இல்லாத பகுதியிலோ இருப்பவர்களுக்குச் செயற்கைக்கோள் வழி ஏற்றது. மாதக் கட்டணம் கேட்காத சேவைகள் பல நாடுகளில் உள்ளன. இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ், பிரிட்டனின் ஃப்ரீசாட் ஆகியவை அவ்வகை. டிஷ், அதன் முன்னால் நின்று டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் எல்என்பி, ஒரு செட்டாப் பாக்ஸ் என்று மூன்றே பொருள்கள். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், வடக்கே செல்லச் செல்ல டிஷ் தெற்கு நோக்கித் தாழும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் அது பெரும்பாலும் வானத்தையே அண்ணாந்து பார்க்கும். திசை, ஏற்றக் கோணம், எல்என்பியின் சாய்வு ஆகிய மூன்றையும் உங்கள் இருப்பிடத்துக்குக் கணக்கிட்டுத் தரும் செயலிகள் உள்ளன. முதலில் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்; அது சாய்ந்திருந்தால் மற்றக் கணக்கெல்லாம் பிசகும். பிறகு டிஷ்ஷை மிக மெதுவாக, ஒரு நகர்த்தலுக்கு ஒரு பாகைக்கு மேல் போகாமல் திருப்பி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில விநாடி காத்திருங்கள். செட்டாப் பாக்ஸ் சிக்னலை அடையாளம் காண நேரம் எடுக்கும். அவசரப்பட்டால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

பெருமழையில் படம் சிறிது நேரம் போகும். மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் சூரியன் நேராகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும்போதும் போகும். அது பழுதன்று, டிஷ்ஷைத் திருப்பிக் கெடுத்துவிட வேண்டாம்.

இணையத்தில் மிஞ்சியவை

ஆன்டெனாவும் டிஷ்ஷும் தராதவற்றை மட்டும் இணையத்தில் தேடுங்கள். எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால், நான்கைந்து சந்தாக்கள் சேர்ந்து பழைய கேபிள் கட்டணத்தைத் தாண்டியிருக்கும். ஒரே நேரத்தில் ஒரே சந்தா என்பதே நான் பின்பற்றுவது. ஒரு தளத்தில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, அதை நிறுத்தி, அடுத்த மாதம் வேறொன்று. சந்தாவைத் தொடங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டால், மறந்துபோய்ப் பணம் கட்டும் இழப்பு இல்லை. கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலான தளங்கள் தடையின்றிக் காட்டும். பொது ஒளிபரப்பு நிறுவனங்களின் செயலிகளும், விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டும் தளங்களும் பல நாடுகளில் உள்ளன. அவற்றை முதலில் துழாவிவிடுங்கள்.

இணையத்தின் அளவையும் கணக்கில் வையுங்கள். எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரையும், 4கே படத்துக்கு 7 ஜிபி வரையும் செலவாகும். நாள்தோறும் நான்கு மணி நேரம் எச்டியில் பார்த்தால் மாதம் 360 ஜிபி வரை ஆகும். உங்கள் இணைப்பில் மாத வரம்பு இருந்தால், படத்தரத்தை ஒரு படி குறைத்து வைப்பது நல்லது. சிறிய திரையில் வேறுபாடு தெரியாது. வேகம் எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும். வேகம் இருந்தும் படம் சுற்றிக்கொண்டே நின்றால், சந்தாவை உயர்த்துவதற்கு முன் ரூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பியை நேராக இழுத்துப் பாருங்கள்.

மிகக் குறைந்த விலைக்கு உலகின் எல்லா அலைவரிசைகளும் வரும் என்று விற்கப்படும் பெட்டிகளை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை உரிமை இல்லாமல் திருடிக் காட்டுபவை. முன்பணம் வாங்கிய மறுவாரமே நின்றுபோனாலும் கேட்க ஆளிருக்காது. நம் கடவுச்சொற்களை நோட்டமிடும் மென்பொருளும் அவற்றுள் இருக்கக்கூடும்.

இணைப்பை விடும் நாள்

புதிய ஏற்பாடும் பழைய கேபிளும் ஒரு மாதம் சேர்ந்து இயங்கட்டும். அந்த ஒரு மாதத்தில், முதலில் எழுதிய தாளை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியும் இப்போது எந்த வழியாக வருகிறது என்று எதிரில் எழுதுங்கள். வழி கிடைக்காமல் வெறுமையாக நிற்கும் வரிகளுக்காக மட்டும் வீட்டாரோடு பேசுங்கள். சில வீடுகளில் அந்தப் பேச்சு கேபிளின் மிகச் சிறிய தொகுப்புக்கு இறங்குவதில் முடியும், அதுவும் சேமிப்பே. ஒப்பந்தக் காலம் முடியுமுன் விட்டால் அபராதம் உண்டா, இணையமும் கேபிளும் ஒரே தொகுப்பில் இருந்தால் ஒன்றை எடுத்ததும் மற்றதன் விலை ஏறுமா என்பவற்றை ரசீதின் பின்பக்கம்வரை படித்துவிடுங்கள்.

விடுவதை எழுத்தில் தெரிவித்து, செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டையும் திருப்பித் தந்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கி, அடுத்த இரண்டு கட்டணச் சீட்டுகள் வரும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள். சுவருக்குள் ஓடும் பழைய கேபிள் கம்பிகளைப் புதிய ஆன்டெனாவுக்கே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் தெருவிலிருந்து வரும் நிறுவனத்தின் கம்பியை வீட்டுக்கு வெளியே உள்ள இணைப்புப் பெட்டியில் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ஆன்டெனாவை அதே வலையில் கோத்தால், கேபிளின் சிக்னலும் வானத்துச் சிக்னலும் ஒரே கம்பியில் மோதி, இரண்டும் கெட்டு, உங்கள் ஆன்டெனாவின் மேல் வீண்பழி விழும்.